சங்கிலிக்காரருக்குக் கேட்ட விசில்

1

இந்தக் கதை ஒரு போன் சண்டையில் பிறந்தது. எனக்குக் கதைகள் காட்சியாக வருவதில்லை. யாரோ பேசுவதாகத்தான் வரும். இது என் பள்ளித்தோழி வாலுவின் குரலில் வந்தது.

"நம்ம வாட்டர் பார்க் கதையை எழுதுடீ. கண்ணை மூடுறதுக்குள்ள படிச்சிடறேன்."

"நீ எங்கே மூடப்போறே? என்னை வழியனுப்பிட்டுத்தான் போவே."

2

அது ஒரு கோடை விடுமுறை. நீல வானத்தில் வெண்மேகங்கள்...

(வேண்டாம். வானத்தை யார் பார்த்தார்கள்?)

எனக்குப் பதினான்கு வயது. இருப்பதிலேயே உயரமான சறுக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு ஏறியவள். கீழே பார்த்ததும் கண் பின்னாலிருந்த படிக்குப் போனது. படியில் திரும்பி இறங்கினால் பள்ளி முடிகிறவரை என் பெயர் 'படிக்கட்டு'தான்.

அங்கே ஒரு முறை உண்டு. குளம் காலியானதும் கீழே சிவப்புச் சட்டை அம்மா விசில் ஊதுவார். மேலே நிற்கும் ஊழியர் சறுக்கை மறித்த குறுக்குச் சங்கிலியைக் கழற்றுவார். அவர் எங்களுக்குச் சங்கிலிக்காரர்.

அன்று அந்த அம்மா குளத்தின் மறுகோடியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். விசில் வரவில்லை. என் துணிச்சல் வடிந்துகொண்டே போனது.

"ஏய், போறியா, இல்ல இங்கேயே குடித்தனம் பண்ணப்போறியா?" என்றது பின்வரிசை.

"மூச்சு விடும்மா முதல்ல" என்றார் சங்கிலிக்காரர்.

"அண்ணே, நான் இறங்கிப்..."

விசில் வந்தது. கீழே வாலு, இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில்! சங்கிலி கழன்றது.

மூக்கெல்லாம் தண்ணீரோடு எழுந்து, "இன்னொரு தடவை!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் நான் ஏறிய உயரங்கள்... (பெருமை போதும்.)

3

இங்கே நிறுத்தியிருக்கலாம். எழுதும்போதுதான் காதில் உறுத்தியது.

(அந்த அம்மாவின் பிளாஸ்டிக் விசில் உள்ளே குண்டு உருண்டு கிர்ரென்னும். வாலுவின் விரல் விசில் கீச்சென்று நேராகப் போகும்.)

நாளெல்லாம் ஒரே விசிலைக் கேட்டு நின்றவருக்கா வித்தியாசம் தெரியாது? கழற்றுவதற்கு முன் அவர் எட்டிக் குளத்தைப் பார்த்தார். காலி. ஓரத்தில் வாலு மட்டும். பிறகு என்னைப் பார்த்தார்.

"விசில் வந்திடுச்சும்மா. போய்ட்டு வா."

இதைப் போனில் வாலுவிடம் சொன்னேன்.

"ஏமாந்தாருடீ அவரு! நான் உருப்படியாப் பண்ணின ஒரே சேட்டை. அதையும் பிடுங்காதே."

"அவருக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?"

"தாராளமாச் சொல்லிக்கோ. என் பங்குல இருந்து எடுக்காதே."

4

அவர் ஏமாந்தார் என்று முடித்தால் வாலு என்னைக் கொண்டாடுவாள். தெரிந்தே கழற்றினார் என்று முடித்தால் அவரிடம் இத்தனை காலம் சொல்லாத நன்றியைச் சொன்னதாகும். ஒருவேளை வாலுவுக்கும் அது அன்றைக்கே தெரிந்...

(இதை எழுதினால் போனை எடுக்கமாட்டாள்.)

ஆகவே என்னை உச்சியிலேயே, ஈர முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார வைத்துவிட்டுப் போகிறேன். யார் ஏமாந்தார், யார் ஏமாறவில்லை என்பது உங்கள் பாடு. சங்கிலியை மட்டும் கழற்றிவிடுங்கள். கீழே ஒருத்தி எனக்காகக் காத்திருக்கிறாள்.