நனைந்த பஞ்சு

சஜ்னா மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. தேங்காப்பட்டணம் கடலடிப் பாறைகளில் ஒட்டி வளரும் கடற்பஞ்சுகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. நாள் முழுக்கக் கடல்நீரை இழுத்துக்கொண்டே இருக்கும் உயிர்கள் அவை என்று ஒருநாள் மகள் அபினாவிடம் சொன்னாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அபினா யோசித்துவிட்டுக் கேட்டாள். "அப்போ நெறய பஞ்சு இருந்தா கடல் கொறயுமா உம்மா? நம்ம வீட்டுக்கிட்ட வராதுல்லா?"

சஜ்னா ஒரு தம்ளர் நிறைய வெள்ளம் எடுத்து, பாத்திரம் கழுவும் ஈரப் பஞ்சை அதில் போட்டாள். வெள்ளம் வழிந்து மேசையில் ஓடியது.

"இது ஏற்கெனவே நனஞ்சது மக்கா. கடல்ல உள்ளதும் அப்படித்தான். குடிக்கத வெளிய விட்டுரும். அழுக்க மட்டும் தின்னும்."

"அப்போ கொறயாதா?"

"கொறயாது."

அந்தப் பதில் அபினாவுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. பள்ளிவாசல் மையவாடியில், கடலைப் பார்த்த கடைசி வரிசையில் அடக்கினார்கள். சவூதியில் தம்மாமிலிருந்து வந்த அவள் கணவன் ஜாஸிம் மகளைக் குழிக்குள் இறக்கிவிட்டு, விடுப்பு முடிந்ததும் போனான். சஜ்னா கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் சாலையில் நின்று மையவாடி மதிலுக்கு மேலே பார்ப்பாள்.

ஆனி மாதம் கடல் கொந்தளித்தது. அலைத்தடுப்புக் கல் சரிந்து மையவாடியின் மேற்கு மதில் விழுந்தது. விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டாரின் கபர்களைச் சாலைக்குக் கிழக்கே உள்ள புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஜமாஅத்தில் முடிவு செய்தார்கள். அபினாவுக்கும் ஒரு சிறிய குழி வெட்டினார்கள்.

ஜாஸிம் போனில் சொன்னான். "வெள்ளிக்கிழம வந்துருவேன். வேற யாரும் தொடண்டாம். நாந்தான் எடுக்கணும்."

சஜ்னா சரி என்றாள். அவனுக்கு அந்த உரிமை உண்டென்றுதான் அவளுக்கும் தோன்றியது.

வியாழக்கிழமை காலை கடைசி வரிசை இல்லை. மண்ணும் தலைமாட்டு மீசான் கல்லும் சேர்ந்து போயிருந்தன.

வெள்ளிக்கிழமை வந்திறங்கிய ஜாஸிம் பையைக்கூட வைக்காமல் கரைக்குப் போனான். சஜ்னா பின்னாலேயே போனாள். கடல் செம்மண் நிறத்தில் கிடந்தது.  அவன் சம்பந்தமில்லாதது போலக் கேட்டான்.

"இப்பிடி கலங்குனா, உன் பஞ்செல்லாம் என்ன செய்யும்?"

"மூடிக்கும். தெளியுறது வர ஒண்ணும் தின்னாம கெடக்கும்."

"நீ படிச்சவ. சொல்லு. அவ இப்ப எங்க இருப்பா?"

அந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் போகும், மண் எங்கே படியும் என்பதெல்லாம் சஜ்னாவுக்குத் தெரியும்.

"தெரியாது" என்றாள்.

"நான் எடுக்கச் சொல்லியிருந்தா…"

"அத விடுங்க."

ஜாஸிம் கிழக்கே புது இடத்துக்கு நடந்தான். சிறிய குழி திறந்து கிடந்தது. ஆடு மாடு விழும், மூட வேண்டும் என்று அங்கே நின்றவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவன் மண்வெட்டியை வாங்கித் தானே மண்ணைத் தள்ளினான். யாரையும் உதவிக்கு விடவில்லை. மூடி முடித்தபோது மற்ற கபர்களைப் போல மேடு எழவில்லை. மண் தரையோடு தரையாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் உட்கார்ந்து அழுதான்.

வீட்டு வாசலில் அவனுடைய உம்மா மைமூன் பீவி சொம்பில் வெள்ளத்தோடு நின்றாள். அவன் கைகாலைக் கழுவினான்.

"எப்ப திரும்பணும்?" என்று அவள் கேட்டாள்.

"போவல உம்மா."

சஜ்னா அவன் பையை உள்ளே கொண்டு போய் வைத்தாள்.