வீரகத்தி விலாஸில் நீச்சல் குளம்

நெல் வியாபாரிகள் தங்குவதற்காக வீரகத்தி அறுபத்தோராம் ஆண்டு மல்லாவியில் கட்டிய ஹோட்டல் அது. நாலு அறை, எட்டுக் கட்டில், முன்னுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம். ஊர்க்கூட்டமும் கலியாணப் பேச்சும் அந்தக் கூடத்தில்தான் நடக்கும். அவருக்குப் பிறகு மருமகள் கமலாசனி அதை நடத்தினார்.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சிச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்தபோது கமலாசனி எல்லாக் கதவையும் திறந்துவிட்டார். அடுத்த வருடம் அங்கே நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கூடத்தில் காலையில் ஐந்தாம் வகுப்பு, பின்னேரம் தபால் பிரிப்பு. முல்லைத்தீவு மீனவன் மரியநேசன், மனைவி சூசையம்மாவோடும் கர்ப்பிணி மகள் யூலியானாவோடும் வலையையும் கொண்டுவந்து சன்னலில் தொங்கவிட்டிருந்தான்.

அப்போதுதான் கொழும்பிலுள்ள ஏதோவொரு கந்தோரிலிருந்து ஹோட்டல்களைத் தரம் பிரிக்கும் படிவம் வந்தது. கமலாசனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்ப உட்கார்ந்தார்.

"கடல் தெரியிற அறை எத்தினை எண்டு கேட்டிருக்கு."

"எங்கட அறையைப் போடுங்கோ அக்கா. வலையைப் பாத்தால் கடல் ஞாபகம் வருதுதானே," என்றான் மரியநேசன்.

"நீச்சல் குளம்?"

"பின்வளவு பங்கருக்கை இடுப்பளவு மழைத்தண்ணி நிக்குது."

கமலாசனி பொய் எழுதாதவர். 'உண்டு, மாரியில் மட்டும்' என்று எழுதினார்.

கந்தோரில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எட்டுக் கட்டிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் என்றால் நூற்றுக்கு ஆயிரத்து நானூறு வீதம். இலங்கையில் எந்த ஹோட்டலும் அந்தளவுக்கு நிரம்பியதில்லை. நேரில் பார்த்து வரும்படி பரிசோதகர் கதிர்காமநாதனை அனுப்பினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய அந்த மனிதர், கார்த்திகை மழையில் இரவல் சைக்கிளில் சேறு தெறிக்க வந்து இறங்கினார்.

"முதலிலை குளத்தைக் காட்டுங்கோ அம்மா."

பங்கர் என்ற அந்தப் பதுங்குகுழியின் வாசலில் குந்தியிருந்து அளவு நாடாவைத் தண்ணீருக்குள் விட்டார். ஏதோ கேட்க வாயெடுத்தபோது வானத்தில் கிபீர் குண்டுவிமானம் இரைந்தது. ஐந்தாம் வகுப்பு ஓடிவந்து குதித்தது. வாத்தியார் குதித்தார். யூலியானாவைத் தாங்கிக்கொண்டு சூசையம்மா இறங்கினாள். கதிர்காமநாதனை யாரோ இழுத்து விழுத்தினார்கள். எங்கோ தூரத்தில் குண்டு விழுந்து நிலம் ஆடியது. அவருடைய கழுத்துப்பட்டி தண்ணீரில் மிதந்தது.

"ஆழம் காணுமோ ஐயா?" என்று பக்கத்தில் நின்ற கமலாசனி உண்மையான கவலையோடு கேட்டார்.

"காணும் அம்மா, இவ்வளவு போதும்," என்றார் அவர்.

அன்றைக்கே வெளியே போகும் பாதையை இராணுவம் பூட்டிவிட்டது. கதிர்காமநாதன் நூற்றுப் பதின்மூன்றாவது ஆளாகக் கூடத்து மேசையில் படுத்தார். முதற்கிழமை முழுவதும் குறைகளை எழுதினார். பிறகு கடதாசி முடிந்துபோனது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், தபால் பிரித்தார், யூலியானாவுக்கு வலி கண்டபோது மருத்துவிச்சியைச் சைக்கிளில் ஏற்றிவந்தார். ஆண்பிள்ளை.

நாற்பத்துமூன்றாம் நாள் பாதை திறந்தது. பாதையைக் கடக்க அவருக்குக் கொடுத்திருந்த பாஸ் அன்றையோடு முடிகிறது. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போங்கோ ஐயா, பிறகு பாஸ் கிடையாது," என்றாள் சூசையம்மா.

அவர் உள்ளே திரும்பிவந்து பையை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, கழுவிய சேட்டு ஒன்று இரவல் கிடைக்குமா என்று மரியநேசனிடம் கேட்டார்.

அடுத்த பாஸ் கிடைக்கப் பங்குனியாகிவிட்டது.