அறுநூறு சொற்களும் ஒரு பட்டனும்

பதினெட்டு வருஷமாகத் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன். ஆங்கில வார்த்தை வரிக் கடைசியில் இடம் போதாமல் உடைந்தால் கம்ப்யூட்டரே உடைத்து ஹைபன் என்ற சின்னக் கோட்டைப் போட்டுக்கொள்ளும், நீங்கள் போடாதீர்கள் என்று. என் கணவர் கேட்டால்தானே! வரி வரியாக இறங்கித் தன் கையால் தட்டினால்தான் அவருக்குத் திருப்தி. எங்கள் வீட்டு முன்னறைதான் டிடிபி சென்டர். அவர் டைப் அடிப்பார், நான் பிழை திருத்துவேன். அவரைத் திருத்தத்தான் முடியவில்லை.

இந்த முறை வந்தது வீட்டு வேலை மாதிரி. என் நாத்தனார், அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்கா, இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாகப் பேச்சில்லை; வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். அவருக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு புத்தகம் எழுதியிருந்தார். முன்பாதி விளக்கம். பின்பாதி, அண்ணி இத்தனை நாள் பயின்ற அறுநூறு ஆங்கிலச் சொற்கள், வாய்க்கு வசதியாகத் துண்டு துண்டாகப் பிரித்து நடுவில் ஹைபன் போட்டவை. திங்கட்கிழமை அது கையில் இருந்தால் அடுத்த வகுப்பு தொடங்கும். இல்லையென்றால் மூன்று மாதம் தள்ளிப்போகும். அண்ணிக்கு ஒரு வாரம்கூட வீணாகக் கூடாது என்று அந்த அம்மாவே சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை, "எழுத்தை இன்னும் பெரிசாக்குங்க" என்று சொல்லிவிட்டு, தன் கையெழுத்துப் பிரதியையும் ப்ரூஃபையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மா வெளியூர் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. எழுத்தைப் பெரிதாக்கியதும் இவர் கையால் போட்ட ஹைபனெல்லாம் வரி நடுவில் வந்து நின்றன. நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஃபைல் முழுக்க ஹைபனை ஒரேயடியாக நீக்க ரிப்ளேஸ் ஆல் பட்டனை அழுத்தி, சேவ் பண்ணி, ஃபைலை மூடித் திறந்தும் காட்டினார்.

"பாத்தியா? ஒரே நிமிஷம். ஒரு ஹைபன்கூட இல்ல."

"பின்பாதியப் பாத்தீங்களா?"

பார்த்தார். அறுநூறு சொல்லும் ஒட்டிக்கொண்டு முழுசாக நின்றன; சேவ் பண்ணி மூடித் திறந்த ஃபைலில் பழையது திரும்பி வராது.

"உங்கள என்ன சொல்றது!" என்று கத்தினேன். வாயில் வந்த வார்த்தையை மட்டும் விழுங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை இரண்டு அகராதிகளோடு உட்கார்ந்தோம். ஒன்று வெட்டிய இடத்தில் இன்னொன்று வெட்டவில்லை. இவரோ அகராதியே பார்க்காமல் எல்லாவற்றையும் சரிபாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறுபதாவது சொல்லை நான் இழுத்து இழுத்து வாசித்தபோது உள்ளறையில் டொக், டொக் என்று சத்தம். அண்ணி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சொல்லை வாசித்தேன். மூன்று தட்டு. வாயில்தான் வரவில்லை, ஒவ்வொரு சொல்லும் எங்கே உடைகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன். நான் வாசிக்க, அவர் தட்ட, தட்டு விழும் இடத்தில் நான் கோடு கிழித்துச் சொல்ல, முன்னறையில் இவர் டைப் அடித்தார். ஞாயிறு சாயங்காலம் ஐநூற்றுத் தொண்ணூறைத் தாண்டினோம்.

"மெடிசின்" என்றேன். மூன்று தட்டு.

"ரெண்டுதான்," என்று முன்னறையிலிருந்து குரல். "மெட்சின். எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?"

அண்ணி மறுபடி மூன்று தட்டினார், பலமாக.

"இல்லக்கா, ரெண்டு. நான் போட்டுட்டேன்."

"போடாதீங்க!" என்றேன்.

"சேவ் பண்ணிட்டேன்."

அண்ணி தட்டுவதை நிறுத்தினார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"முட்..." என்றார். உதடு நடுங்கியது. இன்னொரு முறை மூச்சை இழுத்தார். "...டாள்."

முன்னறையில் டைப் சத்தம் நின்றது. பதினெட்டு வருஷமாக நான் விழுங்கிக்கொண்டிருந்த வார்த்தை அது. சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இவர் வாசலில் வந்து நின்றார். பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் திட்டுக்கா," என்றார்.