நான்கு வெள்ளை மூலைகள்

ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை அவள் மூச்சு விடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கடல். அதன் அடிவானக் கோட்டோடு ஒட்டி ரசமட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் மௌஸைத் தட்டினாள். ஒரு டிகிரி. ஒன்றரை. கடல் கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், முன்னறையில், அவள் கணவர் விடியற்காலையிலிருந்து அசையாமல் படுத்திருக்கிறார். நான்கு மணிக்கு வண்டி வரும்.

"என்ன அண்ணி பண்றீங்க?" நாத்தனார் கதவருகே வந்து நின்றாள். "வர்றவங்க எல்லாம் உங்களைத்தான் தேடறாங்க. நீங்க இங்க உக்காந்து கம்ப்யூட்டர் பாக்கறீங்க!"

"கடலை நேராக்கறேன்."

"நல்லா இருக்கு. அண்ணன் போனாலும் அந்தப் பைத்தியம் போகலை."

முப்பத்தொரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கருவிப் பையைச் சுமந்து சுமந்து வலது தோள் இறங்கிவிட்டது. எந்தப் படம் எடுத்தாலும் கடல் இடப்பக்கமாக வழியும். "தண்ணி சாயுமாடி? சாஞ்சது நான்தான்" என்பார். ஓய்வு பெற்றதும் படங்களை நிமிர்த்தக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டர் காட்டுகிற கோட்டை நம்பமாட்டார்; திரையிலேயே ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். முதல் மாதம் அறுபது படங்கள் அப்படிச் செய்து பிரிண்ட் போட்டால் அறுபதும் சாய்ந்து வந்தன. சாய்ந்திருந்தது மேஜை. அட்டையை மடித்து மேஜைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு, அறுபதையும் மறுபடி செய்தார்.

"நான் போனா என் மூஞ்சியைப் பெருசு பண்ணி வைக்காதே. கடலை வை" என்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் எடுத்த படம் இது. நாளைக்கு நிமிர்த்துகிறேன் என்றவருக்கு அந்த நாளை வாய்க்கவில்லை.

படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, படம் நல்லா நேரா வந்திருக்கு. ஆனா திருப்பினதுல நாலு மூலையிலயும் வெள்ளை முக்கோணம் விழுந்திருக்கே. வெட்டிடவா? சார் கொண்டுவர்றதும் பாதி இப்படித்தான் இருக்கும்."

"வெட்டினா என்ன போகும்?"

"ஒண்ணும் போகாதுக்கா. கொஞ்சம் வானம், கொஞ்சம் தண்ணி. ஓரத்துல ஒரு அம்மா கையில செருப்போட நிக்கிறாங்க. அவங்க போயிடுவாங்க, அவ்வளவுதான்."

"வெட்டச் சொல்லு" என்றது ஒரு குரல். மூத்தார், கணவரின் அண்ணன். எப்போது வந்து நாத்தனாருக்குப் பின்னால் நின்றாரோ. இருபத்தாறு வருஷமாக அவர் இவளிடம் நேராகப் பேசியதில்லை, தங்கையின் வழியாகத்தான். "செத்தவன் தலைமாட்டுல உசுரோட இருக்கறவ படம் எதுக்கு? அவகிட்ட சொல்லு."

"தம்பி, ரெண்டு நிமிஷம் இருங்க. நானே கூப்பிடறேன்" என்று அவள் போனை வைத்தாள்.

அந்த அம்மா அவள்தான். முதல் புருஷனை இழந்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள். நாத்தனார் கல்யாணத்தில், "குடும்பப் படம், அவளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்று மூத்தார் தங்கையிடம் யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. அதற்கப்புறம் யார் கேமராவைத் தூக்கினாலும் அவள் கால் தானாக இரண்டடி தள்ளிப்போகும். கடற்கரையிலும் அப்படித்தான். அவர் கேமராவோடு முழங்கால் தண்ணீரில் நிற்பார். அவள் அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டு விலகி விலகிப் போவாள்.

வெள்ளை மூலைகளை என்ன செய்வாரென்று பார்க்க, அவருடைய பழைய படங்களைத் திறந்தாள். வெறும் கடல்: சுத்தமாக வெட்டியிருந்தது. படகும் கடலும்: வெட்டியிருந்தது. அடுத்ததில் அவள் முழங்கையும் செருப்பும்: நான்கு மூலையிலும் வெள்ளை. அவள் புடவைத் தலைப்பு மட்டும்: வெள்ளை. அவள் முதுகு: வெள்ளை. இருநூறு படங்களுக்கு மேல் தள்ளிப் பார்த்தாள். அவள் விழுந்த படம் ஒன்றைக்கூட அவர் வெட்டியிருக்கவில்லை.

'வெட்டக்கூடத் தெரியலை, பெரிய மெக்கானிக்!' என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பாள். "தெரியலைதான் போ" என்று சிரிப்பார்.

"அண்ணி? பெரியண்ணன் கேக்கறார்."

அவள் திரும்பாமல் போனை எடுத்தாள். "தம்பி, வெட்டாதீங்க. அப்படியே போடுங்க. வெள்ளையோட."

"ஒருத்தனை அனுப்பிட்டு வந்தவ, இப்ப இவனையும் அனுப்பிட்டு…" மூத்தார் தங்கையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஆமா பெரியத்தான். ரெண்டு பேருக்கும் கடைசி வாய்த் தண்ணி நான்தான் கொடுத்தேன். இவர் ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கிடந்தார். நீங்க எந்த வார்டுன்னு போன்ல கேட்டீங்க. அப்புறம் ஆளையே காணோம். இதை உங்க தங்கச்சிகிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்."

நாத்தனார் தரையைப் பார்த்தாள். மூத்தார் முன்னறைக்குப் போனார்.

மூன்றரைக்குப் படம் வந்தது. அவர் தலைமாட்டில் அவளே வைத்தாள். மேல்விளிம்பில் ரசமட்டத்தை வைத்து, ஒரு பக்கம் மடித்த காகிதம் செருகினாள். கடல் நேராக நின்றது. நான்கு மூலையிலும் வெள்ளை. இடது ஓரத்தில் பாதி உடம்பும் ஒரு ஜோடி செருப்பும்.

"இது யாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரி குனிந்து பார்த்தாள்.

"நான்."

வண்டிச் சத்தம் கேட்டதும் மூத்தார் போனைத் தூக்கினார். "குடும்பத்து ஆளுங்க மட்டும் வந்து நில்லுங்க. கடைசியா ஒரு படம்."

அவள் கால் பழக்கத்தில் ஒரு அடி தள்ளிப்போனது. நின்றாள். பிறகு நேரே நடந்து, அவர் தலைக்குப் பின்னால், நடுவில் போய் நின்றாள். நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள்.

மூத்தார் போனை இந்தப் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் நகர்த்தினார். ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"பெரியத்தான்" என்றாள் அவள். "சாயுது. நேராப் பிடிங்க."