விளக்குக்கு மட்டும்

நாற்பத்தேழாம் நம்பர் குளிகை நான் சொன்ன மாதிரியே நடந்துகொண்டது. செம்பும் துத்தநாகமும் சேர்த்துச் சுட்ட கறுப்பு வினையூக்கிக் குளிகை அது. இரும்புக் குழாய்க்குள் போட்டு, கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடாக, அதிக அழுத்தத்தில் அதன் மேல் ஓட்டினால், மறுமுனையில் ஐஸில் வைத்த குடுவைக்குள் மெத்தனால் என்ற எரிசாராயம் சொட்டும். எந்தக் குளிகை எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் ஈப்போ சிலிபினில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தின் பிழைப்பு. டாக்டர் சதாசிவம் வரைதாளில் கோடு போட்டு எழுபது மில்லி என்றார். குளிகையின் நிறத்தைப் பார்த்து நான் தொண்ணூறு என்றேன். தொண்ணூற்றிரண்டு வந்தது.

"படிச்சது நானா, நீயா ஜெயபாலன்?" என்று சிரித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து ஐந்தாம் பாரத்தோடு நின்றவன், டாக்டரின் கணக்கையே ஜெயித்துவிட்டேன்!

அந்த வாரம் சேர்ந்த மெத்தனாலை வடித்துச் சுத்தம் செய்தபோது கீழே கொட்ட மனம் வரவில்லை. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்கா நவமணி வீட்டுக்கு எண்பத்து நான்காம் வருஷத்திலும் கரண்ட் கிடையாது. காற்றடிக்கும் விளக்கை ஏற்ற, முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்திச் சூடாக்க வேண்டும். அதற்காவது ஆகட்டுமே என்று எடுத்தேன். எதில் கொண்டுபோவது? ஆய்வுக்கூடத்துப் பாட்டில் என்றால் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா நிறுத்தி விசாரிப்பார். பிராந்தி பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். தமிழன் கையில் பிராந்தி பாட்டிலைப் பார்த்து எந்தக் காவல்காரன் ஆச்சரியப்பட்டிருக்கிறான்? நினைத்தபடியே, கண்ணடித்து அனுப்பினார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"விளக்குக்கு மட்டுந்தான்க்கா. வெஷம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். அக்கா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். அவள் புருஷன் பத்துமலை மச்சான் அப்போது ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போயிருந்தார். அவரிடம் அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒளித்து வைத்த பிராந்தி பாட்டில் ஒரு குடிகாரர் கண்ணில் பட எத்தனை நாளாகும் என்று நான் கணித்துப் பார்க்கவில்லை. நான்கு நாள் ஆனது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண் இரண்டும் போய்விட்டது. லயத்தில் திருட்டுச் சம்சு சாராயம் விற்கும் காளியம்மாவின் வேலைதான் என்று எல்லோரும் சொல்ல, போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டு போனது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், ஒருவேளை ஜெயிலுக்கும் போக நேரும். அக்காவும் திறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அக்கா கஞ்சி வாங்கக் கீழே போனதும் மச்சான் பேசினார்.

"மணி எத்தன ஜெயபாலா?"

"ரெண்டு ஆவுது மச்சான்."

"எல்லாம் வெள்ளையா இருக்குலா. காலைல மரத்துக்குள்ள பனி எறங்குமே, அப்படி." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "காளியம்மா சரக்கு எனக்குத் தெரியாதா? தொண்டைய அறுக்கும். இது பதமா எறங்கிச்சு."

"நான்தான் மச்சான்..." என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"தெரியும்லா. அழுவாத. இப்ப போலீஸ் வருவான். சித்தியவான் டவுன்ல வாங்குனேன், ஆளு தெரியாதுன்னு சொல்லிடுறேன். காளியம்மாவ விட்டுடுவான். இனி நம்ம குடும்பத்துல சம்பாரிக்கிறது நீ ஒருத்தந்தான். நீயும் உள்ள போயிட்டா ஒங்கக்காவுக்கு யாரு இருக்கா?"

குரலில் கோபமே இல்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்குப் போலீஸ் சார்ஜன் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். மச்சான் மலாயில் நிதானமாக ஆரம்பித்தார். போகாத கடை, பார்க்காத ஆள், கொடுக்காத காசு. சார்ஜன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "சார்ஜன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

மச்சானின் கை என்னைத் தேடி வந்தது. இருபது வருஷம் மரம் வெட்டும் உளி பிடித்துக் காய்த்துப்போன கை. தலையணையைத் தொட்டது, கட்டில் கம்பியைத் தொட்டது, பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அது விடவில்லை.