ஹிம் என்றால் ஒருவர்

கணவனை ‘ஹீ’ என்று சொல்ல நிரோஜினிக்கு முதலில் வாய் வரவேயில்லை. எமில்ராஜை வீட்டில் ‘இவர்’, வெளியில் ‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியவளுக்கு, ஹீ என்பது ‘அவன்’ என்பதுபோலக் கேட்டது. அதனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆங்கில வகுப்புக்குப் போன முதல் கிழமை, தன் புருஷனைப் பற்றி எழுந்து நின்று சொன்னபோது ‘தே’ என்றே சொன்னாள். வகுப்பு சிரித்தது. தர்சினி ரீச்சர் சிரிக்கவில்லை.

“ஒரு ஆளுக்கு ஹீ, ஹிம். ரெண்டு பேர் எண்டால்தான் தே, தெம். இங்கிலீசிலை மரியாதையை வேறை இடத்திலை வைச்சிருக்கிறாங்கள், பிள்ளை. இதிலை வைக்கேல்லை.”

நகரத்து விடுதி ஒன்றில் வேலை எடுக்க வேண்டும் என்ற ஆசையில் குருநகரிலிருந்து பஸ் ஏறிப் போய்வந்தவள் அவள். அதற்குப் பிறகு அந்தப் பிழையை அவள் மறுபடி செய்யவேயில்லை.

பங்குனியில் ஒருநாள் எமில்ராஜும் அவனுடைய தமையன் கனிசியஸும் வழமைபோலப் பின்னேரம் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போனார்கள். விடிய வரவேண்டிய போட் வரவில்லை. மற்றப் போட்டுகளில் போனவர்கள் தேடிப் பார்த்துவிட்டு, காற்று இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். அடுத்த நாளும் ஒரு சேதி இல்லை. கனிசியஸின் மனைவி லூர்த்தம்மா அடுப்பு மூட்டவில்லை. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. அன்று இரண்டிலும் சோறு இல்லை.

மூன்றாம் நாள் காலை, கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நிரோஜினியின் போனில் தெரியாத வெளிநாட்டு நம்பரில் இருந்து செய்தி வந்தது. போட்டின் பக்கப்பலகையில் ஆபத்துக்கு உதவட்டும் என்று எமில்ராஜ் அவளுடைய நம்பரைப் பெயின்றால் எழுதியிருந்தான். அதைப் பார்த்து யாரோ ஒரு கப்பல்காரன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

‘வீ ஹாவ் ஹிம் ஒன் ஷிப். ஹீ இஸ் ஓகே. ஸ்லீப்பிங் நவ்.’

முதலில் ஷிப், ஓகே என்ற சொற்கள்தான் அவள் கண்ணில் பட்டன. பிறகுதான் ஹிம் கண்ணில் பட்டது. ரீச்சர் சொல்லித்தந்த ‘ஒரு ஆளுக்கு’ ஹிம்.

“என்னடி, என்ன எழுதிக்கிடக்கு?” லூர்த்தம்மா ஓடிவந்தாள்.

“கப்பல் ஒண்டு காப்பாத்தியிருக்காம், அக்கா.”

யாரை என்று சொல்லாமலே தமிழில் அதைச் சொல்ல முடிந்தது. லூர்த்தம்மா நிலத்தில் முழந்தாளிட்டு, “என்ரை மாதாவே!” என்று அழுதாள். பக்கத்து வீட்டுச் சனம் கூடிவிட்டது. நிரோஜினி மட்டும் வேலியோரம் தள்ளி நின்று தட்டினாள்: ஹிம்மா, தெம்மா? ஒரு ஆளா, இரண்டு ஆளா? என்ன பேர்?

பதில் இல்லை. அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில், போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றைச் சரிக்குறிதான் நின்றது. கப்பலில் இணைப்புப் போய்விட்டது போலும்.

சனம் கலைந்த பிறகு லூர்த்தம்மா அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணீர் காய்ந்திருந்தது.

“ஆரையெண்டு நீ சொல்லேல்லை.”

நிரோஜினி போனை நெஞ்சோடு திருப்பிப் பிடித்தாள்.

“பொய் சொல்லாதை. ஒருத்தரையோ, ரெண்டு பேரையுமோ?”

“ஒருத்தரை எண்டுதான் எழுதிக்கிடக்கு, அக்கா. பேர் இல்லை. திருப்பிக் கேட்டிருக்கிறன்.”

லூர்த்தம்மா மெல்ல வாசற்படியில் இருந்தாள். நிரோஜினியும் பக்கத்தில் இருந்தாள். வெயில் ஏறி முற்றம் முழுக்கப் படர்ந்தது. கோயிலுக்குப் போவோமா என்று நிரோஜினி கேட்டாள்.

“போய் என்னெண்டு மன்றாடுறது?” என்றாள் லூர்த்தம்மா. “நீ உன்ரை ஆளைக் கேப்பாய், நான் என்ரை ஆளைக் கேப்பன். பக்கத்திலை பக்கத்திலை முழந்தாளிலை இருந்து அதையோ கேக்கிறது?”

கேட்க வேண்டாம் என்று நினைக்க நினைக்க, நிரோஜினியின் மனதுக்குள் எமில், எமில் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. போனைப் பிடித்திருந்த கையை லூர்த்தம்மா இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானப் பூசைமணி அடித்து ஓய்ந்த பிறகு போன் சிணுங்கியது.

‘சொறி. டூ ஹீ. மை இங்கிலிஷ் ஸ்மோல்.’

நிரோஜினி ஒரு முறை வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள்.

“என்ன?” லூர்த்தம்மாவின் நகம் அவள் கையில் பதிந்தது.

“ரெண்டு பேரும் அக்கா! ரெண்டு பேரும்! அவனுக்கு இங்கிலீசு தெரியாதாம்!”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கேயோ நடுக்கடலில், எந்த நாட்டுக்காரனோ, தன்னைப்போலவே ஹீயோடும் தேயோடும் மல்லுக்கட்டிக்கொண்டு தட்டியிருக்கிறான். அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ‘தாங்க்யூ’ என்று மட்டும் எழுதினாள். பிழை திருத்தவில்லை.

அடுத்த நாள் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து இறக்குவார்கள் என்று சேதி வந்தது. பெண்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். பாதி வழியில், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி லூர்த்தம்மா சொன்னாள்:

“உன்ரை ஆள் மட்டும் எண்டு வந்திருந்தால், பிறகு உன்ரை முகத்திலை முழிச்சிருக்க மாட்டன், நிரோ.”

“நானும்தான், அக்கா.”

லூர்த்தம்மா தலையாட்டினாள். வழியில் தின்னக் கொண்டுவந்த பணிசில் ஒன்றைப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் நீட்டினாள்.

துறைமுக வாசலில், உதடு வெடித்து, முகம் கறுத்து, யாருடையதோ பெரிய சேட்டுகளைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்கள் இறங்கி வந்தார்கள். வலையெல்லாம் போச்சு என்று கனிசியஸ் தூரத்திலேயே புலம்பத் தொடங்கினான். லூர்த்தம்மா போய் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டு, அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்தாள். எமில்ராஜ் நிரோஜினிக்கு முன்னால் வந்து நின்றான்.

“பயந்திட்டீரோ?” என்றான்.

“ஓம்” என்றாள் அவள்.