சத்தியக் கடதாசியில் வராதது

வாரின் கொக்கி கழலவில்லை. குளிப்பாட்டும் பலகையில் கிடந்த வாப்பாவின் இடுப்பை மஹ்ரூப் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்க, ஹாஷிம் லெப்பை கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மவுத்தான ஒடனேயே கழட்டியிருக்கணும். ஏன் உட்டு வெச்சீங்க?"

"காய்ச்சல்லயும் ஆரையும் தொட உடல்ல, லெப்பை. உம்மா பயந்திட்டாங்க."

மறைப்புச் சேலையை விலக்கிக்கொண்டு பலீல் மூன்றாவது வாளியைக் கொண்டுவந்து வைத்தான். இறந்துபோன இத்ரூஸ் முதலாளிக்குத் தங்கச்சி மகன், பக்கத்து வளவுக்காரன், கிணற்று வழக்கில் பதுளைக் கோர்ட்டில் எதிராளி. போன வருஷம் கிணற்றுப் பாதையில் வேலிக் கதவு போட்டுப் பூட்டியவன், இன்று காலையில் யாரும் கேட்காமலே திறந்து தண்ணீர் அள்ளினான். மய்யித்தைக் கீழே ஓடும் ஓயாவுக்குப் போய்க் குளித்து வரச் சொல்ல முடியாதல்லவா?

கடைத்தெருவில் துணி அளந்தாலும் இத்ரூஸ் முதலாளி மனசுக்குள் பெரிய நியாயவாதி. அவருக்குத் தெரியாத சட்டம் கிடையாது. சட்டத்துக்குத்தான் அவரைத் தெரியாது. இருபது வருஷம் கோர்ட் வாங்குப் பலகையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து அவர் கற்றது ஒரே வித்தை: உறுதிப் பத்திரத்தை ஒளித்து வைத்திருந்து, வழக்கு விசாரிக்கும் விளக்க நாளில் நீதவான் துரை முன்னால் சட்டென்று இழுத்துப் போட வேண்டும், எதிராளியின் முகம் செத்துப் போக வேண்டும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறாம் ஆண்டு வந்த புதுச் சட்டம் அந்த வித்தையில் மண்ணைப் போட்டது. வழக்குக்கு உள்ள கடதாசிகளையெல்லாம் சத்தியம் பண்ணி எழுதிக் கொடு, எதிராளி பார்க்கட்டும் என்றது.

"ஏதும் இருந்தா இப்பவே தாங்க முதலாளி. ஒளிச்சு வெச்சா பொறகு எடுக்க மாட்டாங்க" என்று அவர் வழக்கை நடத்திய பெரக்கிராசி தலையில் அடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டு அடிச்சா அது அடியா, ஐயா?"

வேறு எந்தக் கடதாசியும் தன்னிடம் இல்லை என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கே நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, வாருக்குள் ஒளித்த கடதாசியை இழுத்துப் போட்டுப் பழகினார். கதவிடுக்கில் பார்த்த மஹ்ரூபுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஓயாவிலிருந்து தங்கச்சி லரீபா குடத்தோடு மேடேறி மூச்சிரைக்க வந்து நின்றதும் சிரிப்பு போய்விட்டது.

"சரிவராது. கத்திய எடுங்கொ" என்றார் லெப்பை.

கத்தி கொண்டு வந்தவனும் பலீல்தான். வாரை அறுத்ததும் மெழுகுத்துணிப் பொட்டலம் ஒன்று பலகையில் விழுந்தது. மஹ்ரூபின் கைகள் வாப்பாவைத் தாங்கியிருந்தன. லெப்பை அதைப் பலீலிடம் நீட்டினார்.

"என்னண்டு பாருங்கொ. ஓதிக் கட்டின இசிமா இருந்தா கண்ட எடத்தில போடுற இல்ல."

பலீல் பிரித்தான். கிணறும் அதற்குப் போகும் பாதையும் இரண்டு வீட்டுக்கும், பிள்ளை குட்டி காலம் வரைக்கும் பொது என்று எழுதி, கீழே கையெழுத்து.

அவன் முகம் செத்துப் போனது. கண்ணாடி முன்னால் நின்று வாப்பா ஆசைப்பட்ட முகம் அச்சு அசல் இதுதான். பார்க்கத்தான் அவர் இல்லை.

"எங்கட வாப்பாட எழுத்து" என்றான் பலீல். "ஒனக்குத் தெரியுமா மச்சான்?"

"தெரியும்."

"கோர்ட்டுக்குக் குடுத்த லிஸ்ட்ல இது இருந்திச்சா?"

மஹ்ரூப் வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். இந்தக் கடதாசி கோர்ட்டுக்குப் போனால், கிணறு யாருக்கென்று தெரியும் முன்னே வாப்பா பொய்ச்சத்தியம் பண்ணியது ஊருக்கே தெரிந்துவிடும். போகாவிட்டால் லரீபாவுக்கு ஓயாதான். இரண்டும் இப்போது பலீலின் விரலிடுக்கில் இருந்தன.

"இல்ல. ஒண்டுமில்லெண்டுதான் சத்தியம் பண்ணினாரு."

லெப்பை தொண்டையைச் செருமினார். "குளிப்பாட்டக்குள்ள மய்யித்துட ஒடம்பில கண்டத வெளியில பேசுற இல்ல. ரெண்டு பேருக்கும் தெரியும்தானே?"

வாளி ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு மட்டும் காட்டியிருந்தா, மாமா…" என்று தொடங்கிய பலீல் முடிக்கவில்லை. கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து, மஹ்ரூபின் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நனைச்சிராத" என்றான். பிறகு குனிந்து, மாமாவின் தலையை ஒரு கையால் ஏந்திக்கொண்டான். "ஊத்து."

அடக்கிவிட்டு வீடு திரும்பும்போது அசர் தொழுகை நேரம் தாண்டியிருந்தது. உம்மா விதவை காக்கும் இத்தாவுக்காக உள்ளறையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். லரீபா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஓயாப் பக்கம் இறங்கினாள். வேலிக் கதவுக்கு நேரே வந்ததும் நின்றாள். கதவு திறந்து கிடந்தது. பூட்டு வேலிக் கம்பில் தொங்கியது, சாவியோடு.

அவள் திரும்பி நானாவைப் பார்த்தாள். மஹ்ரூபின் கை சட்டைப் பைமேல் இருந்தது.

லரீபா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், ஒரு வருஷமாக அவள் கை படாத கிணற்றுக் கப்பியின் சத்தம் கேட்டது.